இலாபம் வந்த ஆண்டில் பணம் எங்கே போனது: நடைமுறை மூலதனமும் நிதி ஓட்ட அறிக்கையும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நடுத்தர அளவில் நெல் அவித்து அரைக்கும் ஓர் ஆலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அந்த ஆலையின் இலாப நட்டக் கணக்கு 12 லட்சம் ரூபாய் நிகர இலாபம் காட்டுகிறது. ஆனால் சென்ற மார்ச் 31 அன்று கையிலும் வங்கியிலுமாக 6 லட்சம் இருந்த இடத்தில் இந்த மார்ச் 31 அன்று 2 லட்சமே இருக்கிறது. வங்கியின் ரொக்கக் கடன் கணக்கில், அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும், எல்லோரும் சி.சி. என்று சொல்லும் கணக்கில், பாக்கி 20 லட்சத்திலிருந்து 38 லட்சமாக ஏறியிருக்கிறது. நெல் வியாபாரிகளுக்குத் தர வேண்டிய தொகையும் கூடியிருக்கிறது. பன்னிரண்டு லட்சம் சம்பாதித்த ஆண்டில் கடன் ஏன் ஏறியது என்று ஆலைக்காரர் கேட்டால், அந்தக் கேள்வியில் தவறு எதுவும் இல்லை. கணக்கு சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பணமும் யாராலும் எடுத்துச் செல்லப்படவில்லை. கேள்விக்கு விடை சொல்லக்கூடிய அறிக்கை மட்டும் இன்னும் தயாரிக்கப்படவில்லை.

நாளிதழ்களில் பாபநாசம் அணையின் நிலவரம் வெளியாகும்போது மூன்று செய்திகள் இருக்கும்: 143 அடி உயரமுள்ள அணையில் இன்றைய நீர்மட்டம் எவ்வளவு, நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்பவை அவை. இருப்புநிலைக் குறிப்பு நீர்மட்டத்தை மட்டும் சொல்லும் அறிக்கை. இரண்டு மார்ச் 31-களுக்கு இடையில் எந்த ஓடை வழியாக எவ்வளவு வந்தது, எந்த மடை வழியாக எவ்வளவு போனது என்பதைச் சொல்வதற்காக எழுதப்படுவதுதான் நிதி ஓட்ட அறிக்கை. அதைப் புரிந்துகொள்ள முதலில் நடைமுறை மூலதனம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த அறிக்கையில் 'நிதி' என்று குறிப்பிடப்படுவது ரொக்கத்தை அல்ல, நடைமுறை மூலதனத்தையே.

தொழிலில் உள்ள சொத்துகள் இரண்டு வகைப்படும். நிலம், கட்டடம், இயந்திரம் போன்றவை விற்பதற்காக வாங்கப்பட்டவை அல்ல. அவற்றை வைத்துக்கொண்டுதான் தொழில் நடக்கிறது. நெல், அரிசி, தவிடு, சாக்கு, கடைக்காரர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி, வங்கி இருப்பு, ரொக்கம் ஆகியவை ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருப்பவை. இவை நடப்புச் சொத்துகள். பன்னிரண்டு மாதத்துக்குள், அல்லது தொழிலின் ஒரு சுற்றுக்குள், பணமாக மாறக்கூடியவை என்று நிறுமச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இவற்றை வரையறுக்கிறது. அதேபோல் ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய பொறுப்புகள், அதாவது நெல் வியாபாரிகளுக்குத் தர வேண்டியது, கொடுபட வேண்டிய கூலியும் மின்கட்டணமும், கேட்டவுடன் திருப்ப வேண்டிய சி.சி. பாக்கி ஆகியவை, நடப்புப் பொறுப்புகள். நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் கிடைப்பது நடைமுறை மூலதனம்.

நம் ஆலையின் இரண்டு ஆண்டு இருப்புநிலை இதோ. தொகைகள் லட்சம் ரூபாயில் உள்ளன.

| விவரம் | சென்ற மார்ச் 31 | இந்த மார்ச் 31 |
|---|---|---|
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 6 | 2 |
| சரக்கிருப்பு | 40 | 52 |
| கடைக்காரர் பாக்கி | 24 | 36 |
| நடப்புச் சொத்துகள் | 70 | 90 |
| நெல் வியாபாரிகளுக்குத் தர வேண்டியது | 18 | 29 |
| வங்கி சி.சி. பாக்கி | 20 | 38 |
| கொடுபட வேண்டிய செலவுகள் | 2 | 3 |
| நடப்புப் பொறுப்புகள் | 40 | 70 |
| நடைமுறை மூலதனம் | 30 | 20 |
| நிலமும் கட்டடமும் | 35 | 34 |
| இயந்திரங்கள் | 30 | 45 |
| வங்கித் தவணைக் கடன் | 15 | 12 |
| உரிமையாளர் முதல் | 80 | 87 |

தவணைக் கடனில் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டிய பகுதியை நடப்புப் பொறுப்பாகப் பிரித்துக் காட்டுவதே முறை. விளக்கம் எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே அதைப் பிரிக்கவில்லை.

ஒரு தொழிலுக்கு நடைமுறை மூலதனம் எவ்வளவு வேண்டும் என்பதை அதன் சுற்று தீர்மானிக்கிறது. நெல்லை வாங்கும்போது பணம் வெளியேறுகிறது. அவித்து, உலர்த்தி, அரைத்து, மூட்டை பிடித்து, கடைக்கு அனுப்பி, தவணை முடிந்து, வசூலாகும்போது அது திரும்பி வருகிறது. நம் ஆலையின் ஆண்டு விற்பனை 292 லட்சம் என்றால் ஒரு நாள் விற்பனை 80,000 ரூபாய். கடைக்காரர் பாக்கி 36 லட்சம் என்பது 45 நாள் விற்பனைக்குச் சமம். விற்ற சரக்கின் அடக்கம் நாளொன்றுக்கு 70,000 ரூபாய் என்று கொண்டால், 52 லட்சம் இருப்பு என்பது ஏறத்தாழ 74 நாள் சரக்கு. நெல் வியாபாரிகள் கொடுக்கும் தவணை சுமார் 40 நாள். ஆகவே 74-உம் 45-உம் சேர்ந்த 119 நாளில் 40 நாளைப் பிறர் தாங்குகிறார்கள். மீதி 79 நாளுக்கான பணத்தை ஆலைக்காரரோ அவருடைய வங்கியோ தாங்க வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஜூனில் அணை திறந்து கார் சாகுபடி தொடங்குகிறது. அதற்கு அடுத்த போகமான பிசான நெல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் களத்துக்கு வருகிறது. அறுவடைக் காலத்தில் வாங்கிச் சேர்த்தால்தான் விலை கட்டுப்படியாகும் என்பதால் மார்ச் 31 அன்று ஆலையின் கிடங்கு நிறைந்திருக்கும். அந்த நாளின் இருப்பை மட்டும் வைத்து ஆண்டு முழுவதும் இவ்வளவு சரக்கு தேங்குகிறது என்று முடிவு செய்வது பிழை. பருவத்தைச் சார்ந்த தொழிலில், அது நெல்லாக இருந்தாலும் உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியாக இருந்தாலும், ஆண்டிறுதிக் கணக்கோடு மாத இருப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பாக்கி ஏறியதிலும் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு விற்பனை 219 லட்சம், அதாவது நாளொன்றுக்கு 60,000 ரூபாய். அப்போதைய பாக்கி 24 லட்சம் 40 நாள் விற்பனை. அதே 40 நாள் ஒழுங்கை இந்த ஆண்டும் காத்திருந்தால் பாக்கி 32 லட்சமாக இருந்திருக்கும். ஆகவே ஏறிய 12 லட்சத்தில் 8 லட்சம் வியாபாரம் வளர்ந்ததன் விளைவு. 4 லட்சம் வசூல் ஐந்து நாள் தளர்ந்ததன் விளைவு. முன்னதைக் குறை சொல்ல முடியாது. பின்னதை ஆலைக்காரர் கைபேசியை எடுத்துப் பேசிச் சரிசெய்ய முடியும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும்கூட, 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சொல்கிறது. நம் ஆலையின் சராசரி அந்த எல்லையைத் தொட்டுவிட்டது என்றால், எல்லையைத் தாண்டிய கடைகள் சில இருக்கின்றன என்றுதான் பொருள்.

இனி நிதி ஓட்டம். எந்த நடவடிக்கை நிதியை ஓடச் செய்கிறது, எது செய்யவில்லை என்பதற்கு ஒரே விதிதான். நடவடிக்கையின் ஒரு பக்கம் நடப்பு இனமாகவும் மறுபக்கம் நடப்பல்லாத இனமாகவும் இருந்தால் நடைமுறை மூலதனம் மாறும். இரண்டு பக்கமும் ஒரே வகையாக இருந்தால் மாறாது. கடைக்காரர் ஒரு லட்சம் பாக்கியைக் கட்டினால் பாக்கி குறைந்து ரொக்கம் கூடுகிறது. இரண்டும் நடப்பு இனங்கள், எனவே நிதி ஓட்டம் இல்லை. கடனுக்கு நெல் வாங்கினாலும் இதே நிலைதான். ஆலைக்காரர் தம் பெயரில் இருந்த நிலத்தை முதலாகக் கொண்டுவந்தால் இரண்டு பக்கமும் நடப்பல்லாதவை. அப்போதும் ஓட்டம் இல்லை. ஆனால் ரொக்கம் கொடுத்து இயந்திரம் வாங்கினால் நிதி வெளியேறுகிறது. தவணைக் கடன் பெற்றால் நிதி உள்ளே வருகிறது. முதல்முறை படிப்பவர்கள் வசூலைக் கண்டதும் நிதி வந்ததாக எழுதிவிடுவதுண்டு. இந்த ஒரு விதியை மனத்தில் ஊன்றிக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.

அறிக்கையை எழுதுவதற்கு இன்னும் சில விவரங்கள் வேண்டும். நிகர இலாபம் 12 லட்சம், 4 லட்சம் தேய்மானத்தை, அதாவது கட்டடமும் இயந்திரமும் பழசாவதற்காக ஆண்டுதோறும் எழுதும் செலவை, கழித்த பிறகு கிடைத்தது. ஏட்டு மதிப்பு 2 லட்சம் உள்ள பழைய இயந்திரம் ஒன்று 3 லட்சத்துக்கு விற்கப்பட்டது. அந்த ஒரு லட்சம் இலாபமும் 12 லட்சத்துக்குள் அடங்கியிருக்கிறது. அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் புது இயந்திரம் 20 லட்சத்துக்கு வாங்கப்பட்டது. தவணைக் கடனில் 3 லட்சம் கட்டப்பட்டது. ஆலைக்காரர் குடும்பச் செலவுக்கு 5 லட்சம் எடுத்துக்கொண்டார்.

முதல் வேலை, தொழில் நடப்பிலிருந்து கிடைத்த நிதியைக் கண்டறிவது. இலாபம் 12 லட்சத்தோடு தேய்மானம் 4 லட்சத்தைக் கூட்ட வேண்டும். இயந்திரம் விற்ற இலாபம் 1 லட்சத்தைக் கழிக்க வேண்டும். விடை 15 லட்சம். விற்பனை இலாபத்தைக் கழிப்பதற்குக் காரணம், இயந்திரம் விற்ற 3 லட்சத்தை முழுவதுமாகத் தனியே வரவாகக் காட்டப்போகிறோம். இங்கும் விட்டுவைத்தால் ஒரு லட்சம் இரண்டு முறை எண்ணப்படும்.

தேய்மானத்தை ஏன் கூட்டுகிறோம் என்பதில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் தேய்மானம் நிதி தரும் ஒரு மூலம் என்ற எண்ணம் பலரிடம் பதிந்திருக்கிறது. அது எந்த நிதியையும் தருவதில்லை. இயந்திரத்துக்கான பணம் அதை வாங்கிய ஆண்டிலேயே வெளியேறிவிட்டது. இந்த ஆண்டு எழுதும் தேய்மானத்துக்காக யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கப்படவில்லை. பணம் போகாத ஒரு செலவைக் கழித்து இலாபம் கணக்கிட்டிருப்பதால், நிதியைக் கணக்கிடும்போது அந்தக் கழிவைத் திரும்பச் சேர்க்கிறோம். ஐயம் இருந்தால் தேய்மானத்தை 6 லட்சமாக உயர்த்திப் பாருங்கள். இலாபம் 10 லட்சமாகக் குறையும். பத்தும் ஆறும் பதினாறு. முன்பும் பன்னிரண்டும் நான்கும் பதினாறுதான். வருமான வரியில் வரும் வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், தேய்மானத்தைக் கூட்டியதால் நிதி ஒரு காசும் கூடவில்லை என்பது தெளிவாகும்.

இப்போது அறிக்கையே தானாக அமைந்துவிடுகிறது. நிதி வந்த வழிகள்: தொழில் நடப்பிலிருந்து 15 லட்சம், பழைய இயந்திரம் விற்றதில் 3 லட்சம், மொத்தம் 18 லட்சம். நிதி போன வழிகள்: புது இயந்திரம் 20 லட்சம், தவணைக் கடன் 3 லட்சம், உரிமையாளர் எடுப்பு 5 லட்சம், மொத்தம் 28 லட்சம். வந்ததைவிடப் போனது 10 லட்சம் அதிகம். நடைமுறை மூலதனம் 30 லட்சத்திலிருந்து 20 லட்சமாகக் குறைந்ததும் அதே 10 லட்சம். இந்த இரண்டு விடைகளும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஓர் இனம் விட்டுப்போயிருக்கிறது என்று கொண்டு மீண்டும் தேட வேண்டும்.

ஆலைக்காரரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. இலாபம் எங்கும் மறையவில்லை. அதோடு தொழிலில் சுழன்றுகொண்டிருந்த பணத்தில் 10 லட்சமும் சேர்ந்து பெரும்பாலும் இயந்திரமாக மாறி நிற்கிறது. அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினார்கள் என்பதை நடைமுறை மூலதன மாற்றப் பட்டியல் சொல்கிறது: நடப்புச் சொத்துகள் 20 லட்சம் கூடிய ஆண்டில் நடப்புப் பொறுப்புகள் 30 லட்சம் கூடியிருக்கின்றன, அதில் 18 லட்சம் சி.சி. கணக்கிலிருந்து, 11 லட்சம் நெல் வியாபாரிகளிடமிருந்து, மீதி ஒரு லட்சம் கொடுபடாத செலவுகளிலிருந்து. நெல் வாங்குவதற்கென்று கொடுக்கப்பட்ட கடன் இயந்திரத்துக்குப் போயிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எந்த அறிக்கையும் காட்டாது. இயந்திரம் வாங்கியது தவறான முடிவு அல்ல. எட்டு, பத்து ஆண்டுகள் உழைக்கப்போகும் ஒன்றை, கேட்டவுடன் திருப்ப வேண்டிய பணத்தில் வாங்கியதுதான் தவறு. நல்ல விற்பனையும் நல்ல பெயரும் உள்ள சிறு தொழில்கள் தடுமாறும் இடங்களில் இதுவே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். அந்த ஆண்டின் இலாபக் கணக்கு மகிழ்ச்சியாகவே இருப்பதால் தடுமாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதே இயந்திரத்துக்கு 15 லட்சம் தவணைக் கடன் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். நிதி வரவு 33 லட்சமாகியிருக்கும், நடைமுறை மூலதனம் குறைவதற்குப் பதில் 5 லட்சம் கூடி 35 லட்சமாக நின்றிருக்கும், சி.சி. பாக்கி 23 லட்சத்தோடு முடிந்திருக்கும். மொத்தக் கடன் அதேதான். ஆனால் அடுத்த பிசான அறுவடையின்போது நெல் வாங்க சி.சி. வரம்பில் இடம் இருந்திருக்கும். வரம்பில் இடமில்லாத ஆலை, களத்தில் நெல் மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் கைகட்டி நின்றுவிட்டு, பிறகு வியாபாரியிடம் கூடுதல் விலைக்குக் கடனுக்கு வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் விலை, வட்டி என்ற தலைப்பில் எந்தக் கணக்கிலும் தெரியாது.

வங்கி இதைக் கவனிக்காமல் இருக்காது. 1974-இல் ரிசர்வ் வங்கி அமைத்த தாண்டன் குழு, நடைமுறை மூலதனக் கடனுக்கு வகுத்த முறைகளில் இரண்டாவது, நடப்புச் சொத்துகளில் கால் பங்காவது தொழில்முனைவோரின் நீண்டகாலப் பணத்திலிருந்து வர வேண்டும் என்றது. நடப்புச் சொத்துகளை நடப்புப் பொறுப்புகளால் வகுத்தால் 1.33-க்குக் குறையக் கூடாது என்று வங்கியாளர்கள் சொல்வது இந்த முறையிலிருந்து பிறந்ததுதான். 1997-இல் ரிசர்வ் வங்கி அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்ட பிறகும், கிளை மேலாளர்களின் மனத்தில் அந்த எண் ஓர் அளவுகோலாக நிலைத்திருக்கிறது. நம் ஆலையின் விகிதம் சென்ற ஆண்டு 1.75, இந்த ஆண்டு 1.29. கால் பங்கு என்றால் 22.5 லட்சம் இருக்க வேண்டும். இருப்பது 20 லட்சம். கடன் புதுப்பிப்புக்காக வங்கி கேட்கும் சி.எம்.ஏ. (கடன் கண்காணிப்பு ஏற்பாடு) தரவுப் படிவங்களில் நிதி ஓட்ட அறிக்கையும் ஒன்று என்பதால், இயந்திரம் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது என்ற கேள்வி மேசைக்கு வந்தே தீரும். அந்தப் படிவத்தை வெளியாள் நிரப்பிக் கொடுத்து ஆலைக்காரர் கையெழுத்து மட்டும் போடுவது எனக்கு வருத்தம் தரும் வழக்கம். தொழிலைப் பற்றி அவர் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ரொக்க ஓட்ட அறிக்கை இருக்கும்போது இது எதற்கு என்று கல்லூரி மாணவர்கள் கேட்கக்கூடும். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட மூன்றாம் கணக்கியல் தரநிலை நிதிநிலை மாற்றங்களைப் பற்றியதாக இருந்தது. 1997-இல் அது ரொக்க ஓட்ட அறிக்கைக்கான தரநிலையாகத் திருத்தப்பட்டது. 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டமும், சிறு நிறுமங்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு அளித்து, ரொக்க ஓட்ட அறிக்கையையே கேட்கிறது. காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. நிதி ஓட்ட அறிக்கையின்படி நம் ஆலை தொழிலிலிருந்து 15 லட்சம் ஈட்டியது. ரொக்கக் கண்கொண்டு பார்த்தால், அதில் சரக்கில் 12 லட்சமும் பாக்கியில் 12 லட்சமும் முடங்கின. வியாபாரிகள் தவணையால் 11 லட்சமும் கொடுபடாத செலவால் 1 லட்சமும் மிஞ்சின. ஆக, கைக்கு வந்தது 3 லட்சம் மட்டுமே. இயந்திரங்களுக்கு நிகரமாக 17 லட்சம் போனது. சி.சி.யில் வந்த 18 லட்சத்தில் தவணையும் எடுப்பும் 8 லட்சம் போக 10 லட்சம் மிஞ்சியது. மூன்றும் பத்தும் பதின்மூன்று. அதிலிருந்து பதினேழு போனால் நான்கு குறைவு. ஆறு இரண்டானது இப்படித்தான்.

விற்காத அரிசியையும் வசூலாகாத பாக்கியையும் நிதி என்றே எண்ணுவது நிதி ஓட்ட அறிக்கையின் குறை. கிடங்கில் பழைய சரக்கு தேங்கினால்கூட நடைமுறை மூலதனம் வலுவாகத் தோன்றும். ஆனால் நீண்டகாலத் தேவைக்கு நீண்டகாலப் பணம் போதுமானதாக இருந்ததா என்பதை அது காட்டும் அளவுக்கு ரொக்க ஓட்ட அறிக்கை நேரடியாகக் காட்டாது. அதில் சி.சி.யும் தவணைக் கடனும் ஒரே தலைப்பின்கீழ் அருகருகே நிற்கக்கூடும். அடுத்த வாரம் கூலி கொடுக்க முடியுமா என்பது கேள்வியானால் ரொக்க ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். புதுக் கொட்டகை போடலாமா, இன்னோர் இயந்திரம் வாங்கலாமா என்பது கேள்வியானால் நிதி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

சொந்தத் தொழில் நடத்துபவருக்கு நிறுமச் சட்டத்தின் இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளும், அந்த ஆண்டில் வாங்கிய, விற்ற நிலைச் சொத்துகளின் விவரமும், தேய்மானத் தொகையும், எடுப்புக் கணக்கும் இருந்தால் ஒரு பிற்பகலில் இதை எழுதிவிடலாம். நெல்லில் தொழில் செய்பவர் மார்ச் 31-ஐ மட்டும் நம்பாமல், பிசானச் சரக்கு பெரும்பாலும் தீர்ந்து கார் நெல் வருவதற்கு முந்தைய ஆகஸ்ட் இறுதியிலும் இருப்பை எடுத்து, சென்ற ஆகஸ்டோடு ஒப்பிட்டு இன்னோர் அறிக்கை எழுதுவது நல்லது. கிடங்கு காலியாக இருக்கும் அந்த நாளிலும் சி.சி. பாக்கி இறங்காமல் நிற்கிறது என்றால், நிற்கும் தொகையில் பெரும்பகுதி நெல்லில் இல்லை, வேறெங்கோ நிலைத்துவிட்டது. அந்த அளவை ஒட்டித்தான் வங்கியிடம் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி கேட்க வேண்டியிருக்கும்.